இன்றைய வருகை: ஒன்று

"ஏனுங்க... பாத்து வாங்க!"

குரலும் மூட்டையும் ஒன்றாகத்தான் வந்தன. திருப்பூர் காதர்பேட்டையின் குறுகலான சந்தில், தோளில் பனியன் மூட்டையோடு திரும்பிய ஒருவன் அன்புசெல்வியின் முழங்கையில் இடித்தான். அவள் கையிலிருந்த போன் எகிறிப் போய்ச் சேற்றுத் தண்ணீரில் குப்புற விழுந்தது.

"இடிச்சது நீங்க... பாத்து வரணும்னு என்னையச் சொல்லுதீங்களா?"

கோபம் வந்தால் அவள் வாயில் கோவில்பட்டி வந்துவிடும். அப்பாவும் அம்மாவும் அங்கிருந்து பிழைக்க வந்தபோது அவள் கைக்குழந்தை. படித்தது, எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சன்டைசர் ஆனது எல்லாம் திருப்பூரில்தான். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடம் இங்கிலீஷ், ஆபீஸில் திருப்பூர்த் தமிழ்... சண்டைக்கு மட்டும் சொந்த ஊர்.

அவன் மூட்டையை இறக்கினான். போனை எடுத்தான். மூட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தம்புது வெள்ளைப் பனியனை உருவி, கொஞ்சமும் யோசிக்காமல் சேற்றைத் துடைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்...

என்ன கண்கள் அவை! உதடு இன்னும் 'மன்னிச்சுக்கோங்க' என்று சொல்லிக்கொண்டிருக்க, கண்கள் அதற்குள் சிரித்துவிட்டன. அன்புசெல்வி தன் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"போனுக்கு ஒண்ணும் ஆகலீங்க, மேல் கண்ணாடிலதான் கீறல். இதென்னங்க... 'இன்றைய வருகை: ஒன்று'?"

"குடுங்க இங்க!"

பிடுங்கிக்கொண்டு நடந்திருப்பாள். ஆனால் வானம் அப்போதுதானா பொத்துக்கொள்ள வேண்டும்? கடை வாசலில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் அடியில் இருவரும் ஒதுங்கினார்கள். நடுவில் மூட்டை. மழை விடுகிற மாதிரி இல்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டே நிற்பது?

கடைசியில் சொல்லிவிட்டாள். வலைப்பூவில் ஒரு தொடர்கதை எழுதுகிறாள். முதலில் தினமும் இருநூறு பேர் வந்தார்கள். பிறகு எல்லோரும் ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கணக்குப் பக்கத்தின் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கி, இப்போது ஒன்றில் வந்து நிற்கிறது.

"அந்த ஒண்ணும் போயிருச்சுன்னா எழுதுறதையே விட்டுருவேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கதைதான் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பொருள். மற்றதெல்லாம் பையருடையது, ஆபீஸுடையது, வீட்டுடையது.

"எங்க பனியன் யூனிட்டுக்கும் ஒரு வெப்சைட் இருக்குதுங்க" என்றான் அவன். "தெனம் முப்பது பேரு வர்றாங்கன்னு எங்கப்பாகிட்ட பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு நா நல்லாப் பாத்தா... முப்பதும் நானேதானுங்க! கூட்டம் வந்துச்சான்னு எட்டி எட்டிப் பாத்ததே கூட்டமாயிருச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனுக்கு அந்தச் சிரிப்பு தலைக்கேறியிருக்க வேண்டும்.

"அப்படிப் பாத்தா... அந்த ஒண்ணு நீங்களேதானுங்க!"

சிரிப்பு பட்டென்று நின்றது. அவள் கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்தவன், விசிட்டிங் கார்டு ஒன்றைப் பாலிதீன் கவருக்குள் போட்டு அவள் கையில் திணித்தான்.

"கண்ணாடி மாத்திட்டுச் சொல்லுங்க... நெம்ப சாரிங்க!"

தரணீதரன், நல்லூர் என்றது கார்டு. கிழித்துப் போட நினைத்தாள். ஏனோ போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணக்குப் பக்கத்தைத் திறந்து, 'என் சொந்த வருகையை எண்ண வேண்டாம்' என்ற கட்டத்தை தொட்டாள். மறுநாள் காலையில் பூஜ்யம். ஆபீஸில் டீ வந்தபோது மறுபடி பார்த்தாள்...

ஒன்று!

எழுந்து ஆடாத குறைதான். கார்டைத் தேடி எடுத்து, பெயர்கூடப் போடாமல் அனுப்பினாள்: 'அந்த ஒண்ணு நான் இல்ல.'

உடனே பதில் வந்தது. 'நெம்ப சந்தோசமுங்க! நேத்துல இருந்து சோறு எறங்கலீங்க.'

அப்படித்தான் ஆரம்பித்தது. எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்றெல்லாம் எங்கே பார்ப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அந்த ஒருவர் திருப்பூர்க்காரர், தினமும் டீ நேரத்தில்தான் வருகிறார் என்று தெரிந்தபோது, 'நம்மூரு ஆளுங்க!' என்று தனக்கே வாசகர் கிடைத்ததுபோல் குதித்தான். வலைப்பூவின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினான். அவள் மறுத்தாள். நூல்கண்டு என்ற புனைபெயரையும் சொல்லவில்லை. ஒரே வாசகர் இருக்கிற கதையை எந்த முகத்தோடு நீட்டுவது?

சில வாரங்களில், காலையில் எழுந்ததும் கணக்குப் பக்கத்தைத் திறக்கிற பழக்கம் அவளை விட்டுப் போயிருந்தது. அவனுடைய 'வணக்கமுங்க' வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். ஐயோ, இது எங்கே போய் முடியும் என்று பயமாக இருந்தது... இனிப்பாகவும் இருந்தது.

ஒருநாள் கேட்டாள். நாலு நிமிஷத்தில் படித்துவிடக்கூடிய அத்தியாயத்தில் அந்த வாசகர் கால்மணி நேரம் இருக்கிறாரே, ஏன்?

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் வம்பு. 'பக்கத்தைத் தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்களோ என்னமோங்க' என்று எழுதினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்த ஒரு வாசகரும் படிக்கவில்லை! யாரோ டீ குடித்துவிட்டு வரும்வரை அவள் கதை காத்துக் கிடந்திருக்கிறது. அன்றே வலைப்பூவில் எழுதினாள்: 'என் ஒரே வாசகருக்கு... பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்கு... நன்றி. இந்தக் கதை இத்துடன் நின்றுவிடுகிறது. இப்படிக்கு, நூல்கண்டு.' அதன் பிறகு தரணீதரனுக்கும் பதில் எழுதவில்லை. அவனது 'வணக்கமுங்க' மட்டும் தினமும் வந்து, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியது.

மூன்றாம் நாள் அவனே போன் செய்தான். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, யூனிட்டுக்கு ஒருக்கா வாங்க. எங்க டெய்லருங்க யாரும் மெஷின்ல உக்கார மாட்டேங்கறாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்."

"உங்க டெய்லருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"வாங்களேன், சொல்றேன்."

நல்லூருக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற அவன் உள்ளே கையைக் காட்டினான். தையல் மெஷின்களுக்கு நடுவில், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பெண்கள். மேலே ஸ்பீக்கர். சினிமாப் பாட்டும், 'சைஸ் லேபிள் பாத்துத் தைங்க'வும் ஒலிக்கிற ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு குரல் நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது...

"என் ஒரே வாசகருக்கு..."

அன்புசெல்வி எழுதிய வரி!

தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் மைக்கைப் பிடித்திருந்தவர் சின்னத்தாய் அக்கா. அவருடைய போனில்தான் கதை. தினமும் டீ நேரத்தில் அவர் படிப்பார், எல்லோரும் கேட்பார்கள். தமிழ் தெரியாத வடநாட்டுப் பெண்களுக்கு ஒருத்தி இந்தியில் சொல்லிவிட்டு வரும்வரை நிறுத்துவார். நல்ல இடங்களைத் திரும்பவும் படிப்பார். கால்மணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்? கணக்குப் பக்கத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு போன்தான்.

"வாரப் பத்திரிகைக் கதைன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க" என்றான் தரணீதரன் மெதுவாக. "ரெண்டு நாளா வெளியூரு போயிருந்தேன். 'டீ குடிக்கப் போகிறவருக்கு'ன்னு இன்னைக்கு காதுல விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அது நான் சொன்னதாச்சே!"

சின்னத்தாய் அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, நீதானா அந்த நூல்கண்டு? மூணு நாளா இதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டுக் கெடக்கோம். கதையில வார பூங்குழலிப் புள்ள கல்யாணத்துக்குச் சம்மதிச்சாளா, இல்லையா? இப்படியா நட்டாத்துல விட்டுட்டுப் போவ?"

நாற்பது முகங்களும் அவளையே பார்த்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுதுவதாகத் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் மெஷின்கள் ஓடத் தொடங்கின.

வாசலில் மழை வலுத்திருந்தது. இருவரும் ஷட்டருக்கு அடியில் நின்றார்கள். இந்த முறை நடுவில் மூட்டை இல்லை.

"டீ குடிக்கப் போயிருப்பாங்கன்னு சொன்னது தப்புங்க" என்றான்.

"சரியாத்தான் சொன்னீங்க... எல்லாரும் டீதான குடிக்காங்க?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"ஆபீஸ் ரூம் கதவைத் தொறந்து வெச்சுட்டு நானும் தெனம் கேப்பேனுங்க. எழுதறது யாருன்னே தெரியாம அவங்களப் புடிச்சுப்போச்சு. காதர்பேட்டை மழையில கோவிச்சுட்டுப் போனவங்களையும் புடிச்சுப்போச்சு. இதென்னடா வம்பு, மனசுக்குள்ள ரெண்டு பேரான்னு பயந்துட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் கணக்கு சரியாச்சுங்க."

அவள் காது மடல் சூடானது. தெரிந்தும் கேட்டாள்.

"அப்ப இப்ப எத்தன பேரு?"

"ஒண்ணுங்க."

"யாராம்?"

அந்தக் கண்கள் முந்திக்கொண்டு சிரித்தன.

"அந்த ஒண்ணு நீங்களேதானுங்க."

அன்று மழையில் இறங்கி நடந்தவள் இன்று அசையவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் பதில... நாளைக்கு டீ நேரத்துல கேட்டுக்கோங்க."

மறுநாள் சின்னத்தாய் அக்கா மைக்கைப் பிடித்தார். டம்ளர்கள் அமைதியாயின. ஆபீஸ் ரூம் கதவு அகலத் திறந்திருந்தது.

"'எனக்குச் சம்மதம்' என்றாள் பூங்குழலி. கோபத்தில் பேசுகிற தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்... 'உங்களத்தான் கட்டிக்கிடுதேன்'..."

யூனிட்டே கைதட்டியது. கதவோரம் நின்ற ஒருவனுக்கு மட்டும் கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

தன் ஆபீஸில் அன்புசெல்வி கணக்குப் பக்கத்தைத் திறந்தாள்.

இன்றைய வருகை: ஒன்று.

போதும் என்றிருந்தது அவளுக்கு.