கறிவேப்பிலையை ஒதுக்குகிறவள்

தி.நகரில் தம்பி வீட்டு வாசலில் நான் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. ரங்கநாதன் தெருவுக்குப் போகிற கூட்டம் அதற்குள்ளேயே ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. லிப்ட் வழக்கம்போல ரிப்பேர். புது வாட்ச்மேன் மெஹபூப் பாஷா என் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கூட வந்த பெரியம்மா ரெண்டு பேரும் படி ஏறிடுவாங்களா? மூணு மாடி கீது."

"என்கூட யாரும் வரலீங்க. தனியாத்தான் வந்தேன்."

"கார்ல இருந்து எறங்குனாங்களே..." என்று இழுத்தவர், காலியான தெருவோரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். ராத்திரி டூட்டி பார்த்த தூக்கக் கலக்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் படியேறும்போது அந்த வாசனை வந்தது. ஈர மண்ணைக் கொளுத்தினால் வருமே, அந்தப் புகை வாசனை. சென்னையில் அதற்கு வழியே இல்லை.

நான் தாரணி. அம்மாவின் முதல் வருஷத் திதிக்காக அயர்லாந்திலிருந்து வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் சாய்நாத்துக்கு அங்கே மேற்குக் கோடியில் காற்றாலை வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு கிராமத்தில் குடியேறினோம். ஆட்டைவிட ஆள் குறைவு. வாடகை மலிவென்று ஒரு பழைய கல் வீட்டைப் பிடித்தோம். அந்தப் பக்கத்தில் சதுப்பு மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, காயவைத்து, அடுப்பெரிப்பார்கள். நாங்கள் அடுப்பே மூட்டாத நாளிலும் சமையலறையில் அந்த வாசனை இருந்தது. பழைய வீடென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

அங்கே போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அம்மா போய்விட்டாள்.

விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வருவதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. கண்ணம்மாபேட்டையில் அம்மாவை எரித்ததைப் போனில் பார்த்தேன். நடுவில் சிக்னல் வேறு போய்விட்டது. பெற்றவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்காத பாவி நான்.

அதனால்தான் சோறு வைக்க ஆரம்பித்தேன். தினம் மதியம், நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரு தட்டில் சோறும் குழம்பும் பிசைந்து சமையலறைக்குப் பின்னாலிருந்த கல் மதில்மேல் வைத்து, "அம்மா, வந்து சாப்பிடும்மா" என்று கூப்பிடுவேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தட்டு காலியாகிவிடும். எந்தக் காக்கா எடுத்தது என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. உடனே தம்பிக்குப் போன் போட்டேன். "டேய் ஆனந்தா, அம்மா எங்கிட்ட வந்துட்டாங்கடா!"

"இங்க ஒரு காக்காகூடத் தொட மாட்டேங்குதுக்கா" என்றான். "கடைசிவரைக்கும் கூட இருந்து பாத்துக்கிட்டவன் நானு. எம்மேல என்னக்கா கோவம் அம்மாவுக்கு?"

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பக்கத்தில் இல்லாத மகளைத் தேடி அம்மா கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்ற பெருமை.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது.

தட்டில் சோறு இருக்காது. கறிவேப்பிலை மட்டும் இருக்கும். ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ விரலால் எடுத்து அடுக்கினாற்போல. பக்கத்திலேயே காய்ந்த மிளகாயும் அதே மாதிரி வரிசையாக.

எங்கள் அம்மாவிடம் கறிவேப்பிலையை ஒதுக்கிப் பாருங்கள், தெரியும் சேதி! "முடி வளர வேணாமா, தின்னு" என்று முதுகில் ஒன்று வைப்பாள். தானும் ஒரு இலை விடாமல் மென்று தின்பாள். நாங்கள் ஒதுக்கியதைக்கூட எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒதுக்குவாளா? காக்காவுக்கு அது பிடிக்காதாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பிய நாளும் சோறு வைத்தேன். "திதிக்குப் போறேம்மா, நீயும் கூட வா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் டெர்மட்தான் பஸ் நிலையத்தில் கொண்டு விட்டார். அன்றைக்கு அவர் முகமே சரியில்லை. மதில்மேல் தினம் யாருக்குச் சாப்பாடு வைக்கிறாய் என்று கேட்டார். செத்துப்போன என் அம்மாவுக்கு என்றேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

நாங்கள் குடியிருக்கிற அந்த வீட்டில் முன்னால் பிரிஜிட் என்று ஒரு கிழவி இருந்தாளாம். பிள்ளைகள் நாலு பேரும் ஆஸ்திரேலியாவில். மதியமானால் தட்டை எடுத்துக்கொண்டு அந்த மதில்மேல்தான் உட்கார்ந்து சாப்பிடுவாளாம், தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு. சமையலறையிலேயே செத்துப்போய் ஒன்பது நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அடக்கத்துக்குப் பிள்ளைகளில் ஒருவர்கூட வரவில்லை.

"பிடிக்காததைத் தட்டோரமாக அடுக்கி வைப்பாள்" என்றார் டெர்மட். "பட்டாணியை. வரிசை வரிசையாக."

காருக்குள் அந்த மண் புகை வாசனை குப்பென்று அடித்தது. நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் எப்படிச் சொல்வது? ஒரு வருஷமாக யாரோ ஒருத்திக்குச் சோறு போட்டு "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்படியென்றால் எங்கள் அம்மா எங்கே? இங்கேயும் சாப்பிடவில்லை, அங்கேயும் சாப்பிடவில்லை. ஒரு வருஷமாகப் பட்டினியாகவா கிடக்கிறாள்? இந்த ஒரு நினைப்புதான் என்னைக் கொன்றது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் கண் மூடவில்லை.

திதியன்று தம்பி மனைவி கீர்த்தி அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தாள். கறிவேப்பிலையைக் கொத்துக்கொத்தாகப் போட்டிருந்தாள். படையல் முடிந்ததும் நானும் ஆனந்தும் இலையோடு மொட்டை மாடிக்குப் போனோம். உச்சி வெயில். தரை பொசுக்கியது. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டான் தம்பி.

காக்காய்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தன.

ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

ஒன்றுகூடக் கத்தவில்லை.

எல்லாம் இலைக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தியாக்கா? தெனம் இதே கதைதான்" என்று ஆனந்த் அழ ஆரம்பித்தான். நாற்பது வயது ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுகிறான். நான் அவனைத் தோளோடு பிடித்துக்கொண்டேன்.

அப்போது அந்த வாசனை வந்தது.

திரும்பினேன். இலையில் சோறு பாதியாகக் குறைந்திருந்தது. ஓரத்தில் நாலு கறிவேப்பிலை வரிசையாக இருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது நகர்ந்து வந்து சேர்ந்தது.

தம்பி என் கையை இறுக்கினான். "யாருக்கா அது?" என்றான், சத்தமே வராத குரலில்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது எனக்கு. கீழே ஓடிப்போய் இன்னொரு இலையில் சோற்றைக் குழம்போடு அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் இலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். வந்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது. கிழவிக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன். "பிரிஜிட், இது உனக்கு. அதை விடு. அது எங்க அம்மாவோடது. அவ ஒரு வருஷமா சாப்பிடல. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், விட்டுடு."

மாடிக் கொடியில் துணிகூட அசையவில்லை.

தொட்டிமேலிருந்து ஒரே ஒரு காக்கா இறங்கி வந்தது. தத்தித் தத்தி நடந்தது. முதல் இலையைத் தாண்டிப் போய், இரண்டாவது இலை முன்னால் நின்றது.

"அக்கா, தப்பான இலைக்கு வந்துடுச்சுக்கா!"

காக்கா குனிந்தது. சோற்றைத் தொடவில்லை. முதலில் ஒரு கறிவேப்பிலையைக் கொத்தி விழுங்கியது. அப்புறம் இன்னொன்று. ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் சோற்றில் வாய் வைத்தது.

அந்தச் சூட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த நாளெல்லாம் வந்தவர்களுக்குத்தான் முதல் இலை. எலக்ட்ரிக் வேலைக்கு வந்தவரானாலும் சரி, பசியோடு ஒருவர் இருக்கும்போது அம்மா கை நனைக்க மாட்டாள். "அவங்க சாப்பிடட்டும், எனக்கென்ன அவசரம்" என்பாள்.

அப்படியென்றால் அவள் என்னிடம் வந்துதான் இருக்கிறாள். அந்த மதிலுக்குப் பக்கத்தில், அந்தக் குளிரில், பெற்ற பிள்ளைகளே எட்டிப் பார்க்காத ஒருத்தியை உட்காரவைத்து, அவள் சாப்பிடட்டும் என்று நின்றிருக்கிறாள். ஒரு வருஷம். மடச்சி நான் ஒரே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

"சாப்பிடுறாங்கக்கா, அம்மா சாப்பிடுறாங்கக்கா" என்று ஆனந்த் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் அந்த அமைதியைப் பார்த்தபோது, மீதிக் கதையைச் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஊரில் இருந்த ஒரு வாரமும் இரண்டு இலை வைத்தேன். இரண்டும் காலியாயின. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மத்தியானமானால் துணைக்கு ஆள் இல்லாமல் மாடி ஏற மாட்டேன். அம்மா என்றாலும் செத்தவள் செத்தவள்தானே. கூட இருப்பவளோ, யார் பெற்ற யாரோ.

கிளம்பும் அன்று ஒன்று முடிவு செய்துகொண்டேன். வாயைத் திறப்பதில்லை. யாரையும் கூப்பிடுவதில்லை. அம்மா தம்பியோடு இருக்கட்டும், கிழவி அவள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா படத்துக்குக்கூடக் கண்ணாலேயே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே பாஷா பெட்டியை டாக்ஸியில் ஏற்றினார். முன் சீட்டுக் கதவைத் திறக்கப்போன என்னை விட்டுவிட்டு, பின் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாகச் சாத்தினார்.

"பாத்துப் போய்ட்டு வாங்கம்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏர்போர்ட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீர்த்தி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாத டப்பாவை மடியில் வைத்திருந்தேன். அவள் கை நிறையக் கறிவேப்பிலை கிள்ளித் தாளித்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவ்வளவு கூட்டத்தில் அதில் யாரும் வந்து உட்காரவில்லை.

மூடியைத் திறந்தேன். மண் புகை வாசனை வந்தது.

சாதம் பாதிதான் இருந்தது.

காய்ந்த மிளகாய் டப்பா ஓரமாக வரிசையாக அடுக்கியிருந்தது.

கறிவேப்பிலை ஒன்றுகூட இல்லை.