வாசலுக்கு இரண்டு சென்டிமீட்டர்

லாய்குன் உள்ளே வந்த பிறகும் பிங் அண்ணன் ஹோட்டல் கதவை மூடவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை கூட இல்லை. சரிவுத் தெரு முழுக்க மழைதான், கடலை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. புயல் எச்சரிக்கை ஏற்றப்போகிறார்கள் என்று மதியமே கடைகளை இழுத்து மூடிவிட்டார்கள். மணி மூன்றுதான், ஆனால் விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. அந்த மழைக்குத் தலையைத் தாழ்த்தி, வெள்ளைக் கையுறை போட்ட கையை உள்பக்கமாக நீட்டி, ஒரு குடும்பம் பெட்டிகளோடு நிதானமாக நுழைந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிங் அண்ணன் அப்படியே நின்றார். பிறகுதான் அந்தக் கனத்த வெண்கலக் கதவு மெல்ல வந்து பொருந்தியது.

"யாருக்கண்ணே பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"தெரியல ஆ குன். கை மூட மாட்டேங்குது." அவர் சிரித்தார். "வயசாச்சுல்ல. கையும் என் மருமக மாதிரி ஆயிடுச்சு, நான் சொன்னா மட்டும் கேக்காது."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இறுக்கமாக இருந்த அவருடைய சிவப்புச் சீருடை இப்போது கம்பியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கியது. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் போகும். ஷெக் கிப் மெய் குடியிருப்பில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு அவர். ஓய்வு பெற்று, பேத்திக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மனிதரை, 'சும்மா கதவு திறந்துவிடுற வேலைதாண்ணே' என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான்.

அந்தக் கதவை அளந்தவளும் அவள்தான்.

லாய்குன் பதினெட்டு வருடம் தன் குரு தாம் சிஃபுவின் கூடவே இருந்தவள். காற்றும் நீரும் பார்த்து வீட்டுக்கும் கடைக்கும் வாசல் குறிப்பதில் ஹாங்காங் தீவின் மேற்குப் பக்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. இந்தப் பொன்னலை ஹோட்டலுக்கு அவர்தான் எல்லாம் குறித்துக் கொடுத்தார். தெரு கடலுக்குச் சரிகிறது, வாசல் நேராக நின்றால் வந்த செல்வம் வழிந்து போய்விடும் என்று கதவை மலைப்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொன்னார். நுழைந்ததும் ஒரு கல் திரை, அதைச் சுற்றி ஒரு வளைவு, உள்நோக்கி விழும் ஒரு நீரூற்று. "உள்ள வந்தது உடனே வெளிய போகக் கூடாது. தங்கணும். அதுதான் ஹோட்டல்" என்பார். நாலு என்ற சொல் சாவு என்று காதில் விழும் என்பதால் நாலாம் மாடியே கிடையாது, மூன்றுக்கு அடுத்து ஐந்து.

கடைசியாகக் கதவின் அகலம். அதற்கென்று ஒரு நாடா உண்டு. எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். எண்களுக்கு மேலே ஒரு வரிசைக் கட்டங்கள், கீழே ஒரு வரிசை, கட்டத்துக்கு ஒரு சொல். சிவப்பில் விழுந்தால் நல்லது, கறுப்பில் விழுந்தால் ஆகாது. மேல் வரிசை உயிரோடு இருப்பவர்கள் புழங்கும் வாசலுக்கு. கீழ் வரிசை கல்லறைக்கும், செத்த முன்னோர் பெயர் எழுதிக் கும்பிடும் பலகைக்கும். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

அன்று சிஃபுவுக்குக் கண் மங்கியிருந்தது. அதை வெளியில் யாரும் அறியாமல் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே நின்று நாடாவின் முனையைப் பிடித்தார். அவள் வெளியே தூறலில் நின்று மறுபக்கத்தைப் பிடித்தாள். எதிரும் புதிருமாக நின்றதால் நாடா அவளுக்குத் தலைகீழாக இருந்தது. மேலே தெரிந்த வரிசையைப் பார்த்தாள். இரண்டு மீட்டர் நாற்பது. கறுப்பு.

"ரெண்டு சென்டிமீட்டர் கூட்டணும் சிஃபு."

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே செதுக்கினார். மறுபடி பிடித்தார்கள்.

"ஆ குன், சிவப்பா?"

"சிவப்பு, சிஃபு. செழிப்புன்னு விழுது."

பதினைந்து நாள் கழித்து, இறந்துபோன தன் அம்மாவின் பெயர்ப் பலகைக்கு ஒரு சின்ன மாடம் அடிக்க வீட்டில் அதே நாடாவை விரித்தபோது, கீழ் வரிசையில் அந்தச் சொல்லைப் பார்த்தாள். செழிப்பு. அந்தச் சொல் மேல் வரிசையின் எட்டுக் கட்டத்தில் எங்கேயும் கிடையாது. அவள் கையிலிருந்து நாடா நழுவிச் சுருண்டு போய் அலமாரியின் அடியில் விழுந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் சிஃபு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வச்சதிலயே நல்ல வாசல் அதுதான், இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அந்த ஆமாமோடு அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு ஐந்து முறை இந்த ஹோட்டலுக்கு வந்திருக்கிறாள். மேனேஜர் அறை வாசல்வரை போவாள். செத்துப்போன மனிதரின் பெயரில் சேற்றை வாரி இறைக்கவா என்று தன்னிடமே கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவாள். தன் பெயரைக் காப்பாற்றத்தான் திரும்புகிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை, பாவம்.

இன்று ஆறாவது முறை. கைப்பையில் அந்த நாடா இருந்தது.

கல் திரையைச் சுற்றி உள்ளே போனாள். கூடம் காலி. நீரூற்றின் சலசலப்புக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரச் செருப்புகள் பளிங்கில் தேய்வதுபோல, பலர் மெதுவாக இடம் மாறி நிற்பதுபோல. நின்று கேட்டால் நீரூற்று மட்டும்தான். ஊதுவத்தி அணைந்த பிறகு வரும் வாசனையோடு மழையில் நனைந்த பழைய பருத்தித் துணியின் நெடியும் சேர்ந்து வந்தது. வரவேற்பு மேசையில் ஜாய்ஸ் என்ற பெண் மட்டும் கோட்டை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"மேனேஜர் இருக்காரா?"

"அவர் அப்பவே கிளம்பிட்டாரு ஆன்ட்டி. நாங்கதான் பலி ஆடு. இன்னிக்கு மொத்தமே எட்டு பேர்தான் தங்கியிருக்காங்க, எட்டு பேரும் ரூமை விட்டு வரல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அதைப் பாருங்களேன்."

லிஃப்ட் திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. மூட முயன்றது, பாதியில் நின்றது, திரும்பத் திறந்துகொண்டது. பீப் என்று நீளமாகக் கத்தியது. எடை அதிகம் என்று சிவப்பு எழுத்து எரிந்தது.

"மெக்கானிக் மூணு தடவை வந்துட்டான். ஒரு கோளாறும் இல்லைங்கிறான். அப்போ நான்தான் குண்டாயிட்டேனா?"

ஜாய்ஸ் சிரித்துவிட்டு, தானே அந்தச் சிரிப்பை நிறுத்தினாள்.

லாய்குன் வாசலுக்குத் திரும்பினாள். பிங் அண்ணன் மறுபடி கதவைத் திறந்து பிடித்திருந்தார். வெளியே இரண்டு கல் சிங்கங்கள், மழை. அப்படியே நின்றார். முன்பைவிட நீண்ட நேரம்.

"அண்ணே, கையுறையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

கையுறையின் உள்ளங்கைப் பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. அவர் சட்டைப் பையைத் தொட்டாள், மெத்தென்று அழுந்தியது. உள்ளே விரலை விட்டாள். சாம்பல். தாள் எரிந்த சாம்பல், மடிப்பு மடிப்பாக, ஈரமாக. ஓரிரண்டு துணுக்குகளில் பொன் பூச்சு இன்னும் மினுங்கியது. செத்தவர்களுக்கு எரித்துக் கொடுக்கிற பணத்தாளில்தான் அந்தப் பொன் பூச்சு இருக்கும்.

"தினம் துவைச்சுத்தான் போடறேன்," என்றார் அவர், குற்றம் செய்த பிள்ளைபோல. "கதவைப் பிடிக்கறப்போ உள்ளங்கையில ஜில்லுனு ஏதோ வச்ச மாதிரி இருக்கும். யாரோ டிப்ஸ் கொடுத்த மாதிரி. குனிஞ்சு வணக்கம் சொல்லிடுவேன். பழக்கம்."

அவள் சொல்லிவிட்டாள். நின்ற நிலையில், அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும். தலைகீழ் நாடா, இரண்டு சென்டிமீட்டர், கீழ் வரிசை, ஆஸ்பத்திரியில் சொன்ன ஆமாம்.

பிங் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு வெளியே பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அப்போ நான் இத்தனை நாளா யாருக்கு ஆ குன்..."



"வாங்கண்ணே, வீட்டுக்குப் போயிடலாம். வேலை வேண்டாம். நாளைக்கே நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"எனக்கும் போகணும்தான். கை வர மாட்டேங்குதே." அவர் இழுத்தார். கைப்பிடியில் விரல்கள் வெளுத்துப்போய் ஒட்டிக் கிடந்தன. அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "என்னால முடியல தங்கச்சி."

அவள் இழுத்துப் பார்த்தாள். அந்தக் கை ஐஸ் பெட்டியில் வைத்த மீன்போல இருந்தது. அசையவில்லை.

அளந்து பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஒருவேளை நினைவுதான் பிசகியிருக்குமோ? தான் பார்த்தது மேல் வரிசையாகவே இருந்துவிடாதா? அந்த நப்பாசை அவளை விடவில்லை. எட்டி நாடாவின் கொக்கியை எதிர் நிலையின் ஓரத்தில் மாட்டினாள். முழங்கால் உயரத்தில் இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். கட்டைவிரலால் நாடாவின் பூட்டை அழுத்தினாள். இந்த முறை நேராக. மேல் வரிசை மேலே.

இரண்டு மீட்டர் நாற்பத்திரண்டு. கீழே சிவப்பு. செழிப்பு.

மேலே கறுப்பு.

எதிர் நிலையில் கொக்கி வழுக்கியது. அவள் கண்ணால் பார்த்தாள், அது நிலையை விட்டு நழுவி வெளியே வந்தது. நாடா தொய்ந்து தரைக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

அந்தரத்தில் நின்றது. விறைப்பாக. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

பச்சை மூலிகைத் தைலத்தின் வாசனை வந்தது. முட்டி வலிக்கு சிஃபு தேய்த்துக்கொள்வது. பதினெட்டு வருடம் அவள் பக்கத்தில் நின்று மூச்சில் வாங்கிய வாசனை.

"ஆ குன்."

பிங் அண்ணனின் குரல் இல்லை.

"சிவப்பா?"

அதே பொறுமை. அதே நம்பிக்கை. அவள் நாக்கில் அந்தப் பழைய பதில் தயாராக வந்து நின்றது. பக்கத்தில் பிங் அண்ணனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"கறுப்பு, சிஃபு." அவள் அழுதாள். "அன்னிக்கும் கறுப்புதான். நான்தான் தலைகீழாப் பார்த்தேன். உங்க மேல தப்பில்ல. நான்தான்."

 நாடா இன்னும் கொஞ்சம் இறுகியது.

பிங் அண்ணனின் கை கைப்பிடியிலிருந்து விழுந்தது.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். முகத்தில் ரத்தம் ஏறியது. நாடாவைத் தாண்டி வெளியே காலை வைத்தார். தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, நெரிசலான டிராமிலிருந்து இறங்குகிற ஆளைப்போல வழி விட்டு வழி விட்டுப் போனார்.

"அண்ணே!"

அவர் திரும்பவில்லை. மழைக்குள் போய்விட்டார். நல்ல நடை. சரிவில் வேகமாக.

அவள் பூட்டிலிருந்து கட்டைவிரலை எடுக்கப் பார்த்தாள்.

விரல் வரவில்லை.

கதவு மூடவில்லை. அவள் தோளில் வந்து சாய்ந்து நின்றது. ஜில்லென்று. கனமாக.

நாடா நடுவில் மெல்லத் தாழ்ந்தது. தரைவரை. பிறகு துள்ளி மேலே வந்தது.

மறுபடி தாழ்ந்தது. மேலே வந்தது.

மறுபடி.

வாசல்படியை மிதிக்காமல் நிதானமாக, ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கல் திரைக்கு அப்பால் லிஃப்ட் விடாமல் கத்தியது. ஜாய்ஸ் யாரையோ கூப்பிடும் சத்தம் எங்கேயோ கேட்டது.

வெளியே தெருவில் மழை நேராக விழவில்லை. சிங்கங்களிலிருந்து கீழே டிராம் பாதைவரை, அதற்கும் கீழே கடல்வரை, ஆள் உயரத்தில் எதன் மேலோ பட்டுத் தெறித்தது. வரிசையாக.

அவளுடைய வலது கை தானாக உள்பக்கம் நீண்டது. தலை தாழ்ந்தது.

நாடா தாழ்ந்தது.

விரித்த உள்ளங்கையில் யாரோ எதையோ வைத்தார்கள். எடையே இல்லை. ஓரத்தில் இன்னும் சூடு இருந்தது.