பழகுசூடு

"பாப்பா, எங்க வூட்ல எத்தினி புள்ளைங்க?" என்று ஸ்டெல்லா அக்கா ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

நான் குப்பை பிரிக்கும் வேலையில் இருந்தேன். தெருவுக்கு ஓர் எரிகலன். அந்தந்தத் தெருக் குப்பையை எரித்துத்தான் அந்தந்தத் தெருவுக்குக் கரண்ட். மழைக்காலத்தில் எல்லாம் ஊறிப்போய் விளக்குகள் மங்கிவிடும்.

"இன்னாக்கா, இன்னிக்கும் தேங்கா மட்டையா? இத எரிச்சா கொசு கூட சாவாது" என்பார் எங்கள் மேஸ்திரி தாவூத், குப்பை கொண்டுவருபவர்களிடம்.

அப்படி விளக்கு மங்கும்போதுதான் ஜனங்கள் பழகிய பொருள்களைக் கொண்டுவருவார்கள். நெடுநாள் ஒருவர் உடம்போடு இருந்த பொருள் எரிந்தால் சூடு பல மடங்கு வரும். அதற்குப் பழகுசூடு என்று பெயர். ஆனால் எரிந்ததும், கொடுத்த வீட்டார் அந்தப் பொருளை மறந்துவிடுவார்கள். ஒருவருடைய பொருள் எல்லாமே எரிந்துவிட்டால் அவரையே மறந்துவிடுவார்கள். அதனால்தான் பிரிக்கிற வேலைக்கு வேறு தெருக்காரர்களை வைத்திருந்தார்கள். எங்களுக்கு மறக்காது; ஆனால் எது யாருடையது என்று நாங்கள் வாய் திறக்கக் கூடாது.

போன மழையில் ஸ்டெல்லா அக்காவின் மகன் டேனி மூச்சு மெஷினில் கிடந்தான். கரண்ட் விட்டுவிட்டு வந்தது. அக்கா ஒரு மூட்டையோடு வந்தாள். இறந்துபோன மகள் ஜெனியின் பொருள்கள், ஒன்று விடாமல்.

"இருக்கிறவன் மூச்சு வுடணும் பாப்பா. போனவ கோச்சுக்க மாட்டா."

அவள் போனபின் பிரித்தேன். யூனிஃபார்ம், ரிப்பன், ஒரு ஜோடி செருப்பு. ஒற்றைச் செருப்பை மட்டும் என் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். தாய்க்கு இதாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். மற்றவை எரிந்தன. அவர்கள் தெரு விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. டேனி பிழைத்தான்.

அதன்பின் அக்கா குப்பையே இல்லாமல் தினமும் வந்து நின்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும்.

"நாங்க ரெண்டு பேருதான். தட்டு மூணு எடுக்கறேன். டேனி கதவத் தாழ் போட வுட மாட்டேங்கறான். யாரோ வரணுமாம். யாருடான்னா முழிக்கறான்."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் பையிலிருந்து செருப்பை எடுத்து நீட்டினேன்.

வாங்கி, உள்ளங்கையை அதற்குள் வைத்து அளந்து பார்த்தாள். "ஜெ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம் பாப்பா. பேரு மட்டும் வெச்சுகினு நான் இன்னா பண்ணுவேன்? தந்தா முழுசா தா. இல்லாங்காட்டி முழுசா எடுத்துக்க."

முழுசாகத் தர என்னிடம் எதுவும் இல்லை. அவளே செருப்பை எரிகலனின் வாயில் போட்டாள்.

மேலே விளக்கு ஒரு முறை பிரகாசமானது. அவள் அழுகை பாதியில் நின்றது. கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.