உப்புப் படகுகள் போன வழி

"இன்னிக்கும் வழி கிடைக்கலேன்னா இந்தப் படத்தை நானே கிழிச்சுப் போட்டுடுவேன்!" என்று வள்ளத்தைத் தள்ளினாள் மதிவதனி. அவள் தோழி ஜுலேகா இரண்டு நண்டுக் கூடைகளோடு தாவி ஏறினாள்.

காவிரியின் கிளையாறு ஒன்று கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது அவர்களுடைய ஊர் கோரைத்திட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலில், படகு போகும் ஊர் வாய்க்கால் மண்மூடிப்போனது. அன்றிலிருந்து, நண்டு ஏற்றும் லாரி நிற்கும் ஆற்றுப் பாலத்துக்கு ஒன்பது மைல் சுற்றி நடக்கவேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி நண்டு செத்துவிடும். ஆண்கள் ஒவ்வொருவராகப் பிழைப்புத் தேடி வெளியூர் கிளம்பினார்கள். மதிவதனியின் அப்பா வைரக்கண்ணு கொச்சிக்குப் போனார். தாயில்லாத வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். ஞாயிறுதோறும் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்பார். "எப்ப வருவீங்க?" என்று கேட்க வாயெடுப்பாள், கேட்கமாட்டாள்.

பாழடைந்த உப்புக் கிடங்கில் அவளுக்கு அந்த வரைபடம் கிடைத்தது. அலையாத்திக் காட்டுக்குள் ஒரு நீலக்கோடு! உப்புப் படகுகள் பாலத்துக்குப் போன பழைய வழி.

காட்டுக்குள் கிளைகள் முகத்தில் அறைந்தன. வழி மூன்றாகப் பிரிந்தது. அந்த இடத்தில் படத்தைக் கரையான் அரித்திருந்தது. கடல் உள்வாங்கும் நேரம்; தண்ணீர் வேறு வற்றிக்கொண்டே வந்தது. சடக்கென்று வள்ளம் சேற்றில் குந்தியது!

"திரும்பிடலாம்டி! இன்னும் வத்தினா ராத்திரி வரைக்கும் இங்கதான்!" என்றாள் ஜுலேகா.

மதிவதனி குதித்தாள். இடுப்பளவு சேறு. வலப்பக்கம் மட்டும் இடுப்பைத் தொட்டு ஓடிய தண்ணீர் சில்லென்றிருந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

"ஜுலேகா! உப்பே இல்லடி! ஆத்துத் தண்ணி!"

இருவரும் வள்ளத்தைத் தோளால் முட்டி வலப்பக்க வழிக்குத் தள்ளினார்கள். கொண்டுவந்த அரிவாளால் கிளைகளை வெட்டி, தண்ணீரை ருசி பார்த்துப் பார்த்து எதிரேறினார்கள். உச்சி வெயிலில் காடு சட்டென்று விலகியது. எதிரே அகன்ற ஆறு. பாலத்தின்மேல் லாரிகள்! கூடையில் ஒரு நண்டுகூடச் சாகவில்லை.

பாலத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மதிவதனி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பாலத்துலேருந்து பேசுறேன். வள்ளத்துலயே வந்துட்டோம்."

"வள்ளத்துலயா? எப்படிம்மா? வழிதான் அடைஞ்சுபோச்சே?"

"வாய்க்கால்தான் அடைஞ்சுபோச்சு. காட்டுக்குள்ள உப்புப் படகு போன வழி இருக்கு. யாரும் உள்ள போய்ப் பாக்கலைப்பா."

அப்புறம், இரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்: "எப்ப வருவீங்க?"

மறுமுனையில் அப்பா யாரிடமோ ரயில் நேரம் விசாரிப்பது கேட்டது.

"வெள்ளிக்கிழமை ரயில்ல வர்றேன். பாலத்துக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா?"