ஈரத் துண்டு சொன்ன சாட்சி

செல்போன் அலறியது.

சலவை ஆலையின் கொதிகலன் அறையில் கரி தள்ளிக்கொண்டிருந்த போர்மேன் எடுத்தார்.

"உங்க சம்சாரம் மூச்சு முட்டி மாடிப்படியில விழுந்துட்டாங்க... ஆஸ்பத்திரிக்கு வாங்க."

கையிலிருந்த மண்வெட்டி நழுவியது.

அவர் ஏன் அப்படிப் பதறினார் தெரியுமா, கண்ணுகளா?

எதிர்க் கட்டட மாடியில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. காற்று சுத்தமென்றால் எல்லார் செல்போனிலும் பச்சை. கெட்டதென்றால் சிவப்பு; சிவப்பு காட்டினால் கரி அடுப்பை அணைத்தாக வேண்டும். தினமும் கரி மூட்டுமுன் போர்மேன் மாடியேறுவார். கருவியின் வாயில் ஈரத் துண்டைச் சுற்றுவார்.

முதலாளியின் உத்தரவு. "பச்சை காட்டுற வரைக்கும் கரியே ஓடட்டும்யா."

புது மின்சாரக் கொதிகலன் பெட்டி பிரிக்காமல் கொட்டகையில் தூங்கியது.

அவர் மனைவியோ ஆஸ்துமாக்காரி. பச்சையைப் பார்த்துத்தான் ஜன்னல் திறப்பாள்...

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் நின்றிருந்தார்.

"பிழைச்சுப்பாங்க. ஒண்ணுதான் புரியலை. ஆத்துக்கு அந்தப் பக்கம் கரியை விட்டுட்டு மின்சாரத்துக்கு மாறினாங்க. அங்கேர்ந்து இழுப்புன்னு வர்ற குழந்தைங்க பாதியாக் குறைஞ்சாச்சு. உங்க தெருவுலேர்ந்து மட்டும் வந்துக்கிட்டே இருக்காங்க. போனைப் பார்த்தா பச்சை. என்ன மாயம்?"

போர்மேன் கதவைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனார்.

உள்ளே கட்டிலருகே பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர். கையில் பிளாஸ்டிக் பை.

பைக்குள்... அந்தத் துண்டு.

"இது யாரோடதுன்னு..."

"என்னோடதுதான் மேடம். கருவியை மூடினது நான்தான். முதலாளி சொன்னாரு, நான் செஞ்சேன். பாவி... இவ மூச்சையே அடைச்சுட்டேன்."

"உட்காருங்க. யாரோடதுன்னு உங்க சம்சாரம் ஏற்கெனவே சொல்லிட்டாங்கன்னு சொல்ல வந்தேன். விழுந்து கிடந்தப்போ இதைக் கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க."

"மாடிக்குப் போனாளா... இந்தப் புகையில?"

மனைவி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"ஏங்க... நீங்க வீட்டுக்குக் கொண்டு வர்ற துண்டுல தினமும் வட்டமாக் கரி. வேர்வை துடைச்சா வட்டமாவா படியும்? எதிர் மாடிக் கருவியோட குழாய் வாய் மாதிரி... அதான் ஏறிப் பார்த்தேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா பச்சைன்னுதானே சொல்லுவீங்க."

அவர் தலை குனிந்தார். தெருவில் இருமுகிற குழந்தைகள் எல்லாரும் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றார்கள்.

"மன்னிச்சுடும்மா."

"அதெல்லாம் அப்புறம். மேடம், இவரை முதல்ல ஆலைக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் புதுக் கொதிகலனை மாட்டிட்டு வரட்டும். அதுக்கப்புறம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"முதலாளியை ஜீப்புல ஏத்தியாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "கரி அடுப்புக்கு சீலும் வெச்சாச்சு. வாங்க போர்மேன்."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அஞ்சு தெருவையே ஏமாத்தினேன். உன்னை மட்டும் ஏமாத்த முடியலையேம்மா."

முகமூடிக்குள் அவள் உதடு கோணியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம்ங்க... துவைக்கப் போடுற துணியில மட்டும் எதையும் மறைக்க முடியாது."