தாளம் தப்புது டீச்சர்

குருவி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வாசல் மிதியடி சொதசொதவென்று கிடந்தது. அழைப்பு மணியில் அவள் கை வைப்பதற்குள் கதவு திறந்தது.

"வீட்டு நர்ஸ்தானே? வாங்க சிஸ்டர். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்கம்மா கணக்கு டீச்சர். பேச்சுதான் போச்சு, கண்டிப்பு போகல."

சொன்ன பெண்ணுக்குக் குருவியின் வயதுதான் இருக்கும். டீச்சருக்கு அவள் ஒரே மகள். வீட்டில் வேறு யாரும் இல்லை. குருவியின் உண்மைப் பெயரை அவளும் கேட்கவில்லை. குருவி என்பது, உடம்பு ஒல்லி என்பதால் விடுதியில் வைத்த பெயர். நோயாளிகளின் வீடுகளில் அவள் எப்போதும் சிஸ்டர்தான்.

பின்பக்க அறையில் உயரமான கூரை. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், அதன் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. டீச்சருக்கு மூளையில் ரத்தம் கசிந்து, உடம்பில் ஒரு பாதியும் குரலும் போயிருந்தன. மறுபாதியிலும் வலது கை விரல்களில் மட்டும் பலம் மிச்சம். மோதிர விரலில் தடித்த மோதிரம் ஒன்று கழற்ற முடியாமல் இறுகியிருந்தது. வேண்டியதை அதைக் கொண்டு கம்பியில் தட்டிக் கேட்பார்.

டக்.

வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும்.

அவருக்கு இருமப் பலமில்லை. தொண்டையில் சளி அடைத்தால் உடனே குழாயை விட்டு, பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தட்டினால் ஓட வேண்டும். குருவியின் வேலையே அதுதான்.

விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்ததால், மகள் தன் பள்ளிக்கூட நாட்களின் வீடியோ கேமைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கைக்குள் அடங்குவது. பாட்டு ஓடும். தொடுதிரையில் அங்குமிங்கும் வட்டங்கள் முளைக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் வட்டத்தைத் தொடும் கணத்தில் தட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. தொடர்ந்து தப்பினால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

டீச்சர் திரையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிடிக்கவில்லை. ஆனால் குருவி விளையாடியபோது, கம்பியில் மோதிரம் தட்டத் தொடங்கியது. டக், டக், டக்டக். பாட்டோடு இம்மி பிசகாமல். குருவி ஓடிப்போய்ப் பார்த்தாள். டீச்சரின் வாயோரம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சிரிப்பு.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் குருவி திரையில், டீச்சர் கம்பியில். மகள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"கச்சேரியா? டிக்கெட் எவ்வளவு?"

"டீச்சர் வீட்டுப் பொண்ணுக்கு ஃப்ரீ," என்பாள் குருவி.

கூப்பிடுகிற தட்டு எது, தாளத் தட்டு எது என்று தனக்குத் தெரியும் என்றுதான் குருவி நினைத்திருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் மகள் செருப்பை மாட்டியபடியே கேட்டாள். "சிஸ்டர், தலை காடா கிடக்கு. முடி வெட்டிட்டு ஓடி வந்துடறேன். பார்த்துப்பீங்கல்ல?"

"நான் எதுக்கு இருக்கேன்? நிதானமா போயிட்டு வாங்க."

டீச்சர் கண்ணை மூடியிருந்தார். குருவி கேமை எடுத்தாள். அதில் கடைசிப் பாட்டு மட்டும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். கட்டில் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில் கம்பியில் சத்தம் வந்தது. டக், டக்.

"முழிச்சுட்டீங்களா? வாங்க வாங்க."

டக்டக். டக்டக்டக்.

"சபாஷ் டீச்சர், அப்படித்தான்!"

வட்டங்கள் மழைத்துளி போலக் கொட்டின. அவள் கண் இமைக்கவில்லை. பின்னால் தட்டு வேகமானது. பிறகு பாட்டைவிட்டு விலகியது. டக். டக்டக். ஒரு நீண்ட இடைவெளி. டக்.

குருவி சிரித்தாள். திரும்பவில்லை.

"தாளம் தப்புது டீச்சர்."

பாட்டு முடிந்தது. ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. கேம் கைதட்டியது.

"முடிச்சுட்டேன் டீச்சர்!" என்று திரும்பினாள்.

டீச்சரின் கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. உதடுகள் நீலம்.

கைகள் தாமாக வேலை செய்தன. குழாயை விட்டாள், நெஞ்சை அழுத்தினாள், ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எதற்கும் பலனில்லை. முடி வெட்டிய தலையோடு மகள் உள்ளே வந்தபோது குருவியின் வாய் திறந்தது. பொய் அதற்குள் முழுதாகத் தயாராக இருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா. ஒரு சத்தம்கூட வரல."

மகள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "நான் வீட்ல இருந்திருக்கணும். முடியா முக்கியம்? முடியா?" என்று தன் குட்டை முடியைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். குருவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது மகள் கேமை அவள் கையில் திணித்தாள். "அம்மா கடைசியா சிரிச்சது இதாலதான். உங்களை மாதிரி யாரும் பார்த்துக்கிட்டிருக்க மாட்டாங்க சிஸ்டர். நீங்களே வச்சுக்கோங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

விடுதியில் மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். அறையில் நல்ல வெயில். துவைத்த துணிகளின் வாடை. குருவி பெட்டியைத் திறந்து கேமை எடுத்தாள். இருப்பதிலேயே எளிதான பாட்டைப் போட்டாள். குழந்தைகள்கூட முடித்துவிடும் பாட்டு.

முதல் வரி ஒழுங்காகத்தான் ஓடியது.

பிறகு திரையின் வலது ஓரத்தில் ஒரு வட்டம் முளைத்தது. அந்தப் பாட்டில் அந்த இடத்தில் வட்டமே கிடையாது.

அவள் தட்டவில்லை. பெருக்கல் குறி.

இன்னொன்று. உடனே ஒட்டினாற்போல் இன்னொன்று. பாட்டோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை.

ஒரு நீண்ட இடைவெளி.

மறுபடி ஒன்று.

அவளுக்கு அந்த இடைவெளி தெரியும்.

பாட்டு நின்றது. வட்டங்கள் நிற்கவில்லை. சத்தமில்லாமல், ஒரே இடத்தில், வந்துகொண்டே இருந்தன. அறையில் துணி வாடை போய், குளிப்பாட்டிய பிறகு டீச்சரின் கழுத்தில் அவள் தூவும் பவுடரின் வாசனை எழுந்தது. அதன் அடியில் சளியின் புளித்த நெடி.

கேமை அணைத்தாள். பெட்டிக்குள் போட்டு, அதன்மேல் போர்வையைத் திணித்தாள். அப்புறம் அதற்குச் சார்ஜ் போடவே இல்லை.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். குரல் கரகரத்தது.

"சிஸ்டர், தூக்கமே வரல. சாப்பாடும் இறங்கல. உண்மையைச் சொல்லுங்க. நான் வெளிய போகாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. நிம்மதியா தூங்கிட்டேதான்..."

டக்.

பெட்டிக்குள்ளிருந்து.

"...தூங்கிட்டேதான் போனாங்க."

டக்டக்.

மகள் பேச்சை நிறுத்தினாள்.

"சிஸ்டர், அங்க யாரு தட்டுறாங்க?"

 குருவி போனை வைத்தாள். பெட்டி அசையாமல் இருந்தது. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அடியிலிருந்து தட்டு அவள் எலும்புவரை ஏறியது.

அவள் உடை மாற்றவில்லை. கேமைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கட்டில் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிருந்தது. அறை பெரிதாகத் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தில் பாய் விரித்து மகள் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

குருவி நின்றபடியே சொன்னாள். எதையும் விடவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தது, சபாஷ் சொன்னது, சிரித்தது. சொல்லும்போது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"தாளம் தப்புதுன்னு சொன்னீங்களா?"

"ம்."

"அம்மாவுக்குக் காது நல்லா கேக்கும் சிஸ்டர்."

"தெரியும்."

 பிறகு மகள் அடங்கிய குரலில் கேட்டாள். "நான் முடியைப் பிடிச்சு இழுத்துட்டு அழுதேனே. பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவுனீங்களே. எப்படி முடிஞ்சுது உங்களால?"

குருவி துணிச் சுற்றைப் பிரித்துக் கேமை நீட்டினாள்.

"அதை அங்க வச்சிட்டுப் போங்க."

வாசலைத் தாண்டும்போது சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றும் சத்தமும் கேட்டது. அந்தப் பெண் இன்றைக்குச் சாப்பிடுவாள் என்று குருவிக்குத் தோன்றியது. அது போதும் என்றும் தோன்றியது.

அடுத்த வேலை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டில். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். மற்றபடி ஆரோக்கியம், வாய் ஓயாது. காலை வெயில் போர்வையின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நாடி பார்க்கணும் சார். கையைக் கொடுங்க."

"பாரும்மா. வண்டி பழசு, இன்ஜின் புதுசு."

குருவி சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடி சீராக ஓடியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.

பாதியில் ஒன்று தடுக்கியது.

ஒன்று. ஒட்டினாற்போல் இரண்டு. ஒரு நீண்ட இடைவெளி.

அவள் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் சிவப்பாக இருந்தன. மூச்சு சுகமாக வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, இன்ஜின் எப்படி?"

"நல்லா... நல்லாத்தான் இருக்கு சார்."

மறுபடி ஒன்று.

குருவி அவர் கையிலிருந்து தன் விரலை எடுத்தாள்.

விரல் நுனியில் தட்டு நிற்கவில்லை.