ஹாவர்ன் கப்பலின் சரிந்த சீல்

இரவீந்திரன் வந்த பதற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற மறந்துபோனார். புளோறன்ஸின் வீட்டில் அது சாதாரணக் குற்றமல்ல. ஒக்டோபர் மாதத்தில் ஒஸ்லோவின் அம்மருட் தெருக்களில் கிடக்கும் சேறு முழுவதும் அவர் காலோடு ஹோலுக்குள் வந்துவிட்டது.

"அக்கா, என்ரை மானம் போகப்போகுது," என்றார்.

"கள்ளன் ஆர்?" என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடிவந்தார் யோகராசா.

"என்ன காணாமல் போனதெண்டே அவன் இன்னும் சொல்லேல்லை, அதுக்குள்ளை உங்களுக்குக் கள்ளன் வேணுமோ?" என்றார் புளோறன்ஸ். "இரவி, முதல் சப்பாத்தைக் கழட்டு. பிறகு இரு. பிறகு சொல்லு."

புளோறன்ஸ் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் தமிழர்களுக்காக மொழிபெயர்ப்பவர். பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் மொழிபெயர்த்துப் பழகியதில், இரண்டையும் பிரித்தறிய அவருக்குத் தானாகவே வந்துவிட்டது. அதனால் ஒஸ்லோத் தமிழர் வீடுகளில் எது தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருடைய கணவர் யோகராசா பஸ் ஓட்டுபவர். துப்பறிவதில் மனைவியைவிட ஆர்வம் கூடியவர். பாவம், இன்றுவரை ஒரு கள்ளனையும் சரியாகச் சொன்னதில்லை.

சுரங்க ரயில் ஓட்டும் இரவீந்திரனுக்குத் தபால் முத்திரை சேர்ப்பதில் பைத்தியம். எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய வீட்டுக்கு மேல்வீட்டில் போர்கில்ட் என்ற எண்பத்தாறு வயது மூதாட்டி இருந்தார். இரவீந்திரன் அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில் தன் கணவருடைய பழைய குளிர்ச்சட்டையை அவருக்குப் போட்டுவிட்டவர் அந்த மூதாட்டிதான்.

"யுத்த நேரம் நோர்வே ஜெர்மன்காரன்ரை கையிலை. இவையின்ரை கடற்படை இங்கிலாந்திலை இருந்துதானே சண்டை பிடிச்சது," என்றார் இரவீந்திரன். "போர்கில்டைக் கட்ட இருந்த ஐனார் எண்ட பெடியன் ஹாவர்ன் எண்ட நாசகாரிக் கப்பலிலை இருந்தவன். ரஷ்யாவுக்குச் சாமான் கொண்டுபோற கப்பலுகளுக்கு ஐஸ் கடலிலை காவல் போற கப்பல். அதுக்குள்ளையே ஒரு சின்னத் தபால் அறை. ஐனார்தான் சீல் குத்துறவன். ஸ்கொட்லாந்திலை தாதியா இருந்த போர்கில்டுக்கு அவன் எழுதின கடித உறையெல்லாம் ஒரு அல்பத்திலை இருக்கு. லண்டனிலை அடிச்ச நோர்வே முத்திரை, மேலை கப்பலின்ரை சீல். அதைத் தேடி அலையாத சேகரிப்பாளன் இல்லை."

"காணாமல் போனது அல்பமோ?"

"இல்லை அக்கா, கடைசி உறை மட்டும். ஐனாரைக் கடலிலை அடக்கம் செய்த அண்டைக்குக் கூட்டாளிமார் அனுப்பினது. கறுப்புக் கரை போட்டது. சீல் சரிஞ்சு, மை பரவிப் போய் இருக்கும்." இரவீந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எங்கடை முத்திரைச் சங்கத்திலை கண்காட்சி. அதுக்கெண்டுதான் போர்கில்ட் அல்பத்தை நம்பி என்னட்டைத் தந்தவ. மனுசி ஆஸ்பத்திரியாலை வந்தது போன கிழமைதான். வந்து பாக்கப் போறா. தான் சாகேக்கை அந்த உறையைத் தன்ரை பெட்டிக்குள்ளை வைக்கச் சொல்லிக் கேட்டவ. நான் என்ன முகத்தோடை அவவைப் பாப்பன்?"

"உறை காணாமல் போன அண்டைக்கு வீட்டுக்கு ஆர் வந்தது?"

இரவீந்திரனின் முகம் இறுகியது. "அருளானந்தன். இருபது வருசச் சிநேகிதன். அவனும் சேகரிக்கிறவன். அல்பத்தைப் பாத்திட்டு, ஒரு உறையைப் போர்கில்டிட்டை விலைக்குக் கேட்டுத் தரச்சொல்லி நச்சரிச்சவன். அவனை வீட்டிலை விட்டிட்டு நான் வேலைக்குப் போனனான். இண்டைக்குப் பின்னேரம் நேரை போய்க் கேக்கப்போறன்."

"அவன்தான்!" என்றார் யோகராசா.

"எந்த உறையை விலைக்குக் கேட்டவன்?" என்று புளோறன்ஸ் அமைதியாகக் கேட்டார்.

"முதல் பக்கத்திலை இருக்கிறது. சீல் அச்சாவா, வடிவா விழுந்தது."

"ம்," என்றார் புளோறன்ஸ். "நான் வந்து பாக்குமட்டும் அருளானந்தனிட்டை வாய் திறக்காதை."

இரவீந்திரன் வீடு கல்யாண வீடாகியிருந்தது. மகளுக்குத் தமிழ்நாட்டு மாப்பிள்ளை. கணினி வேலை செய்பவர். மாப்பிள்ளையின் தாய் நாகலட்சுமி மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்தார். மூவரும் உள்ளே நுழைந்தபோது அவர் மணப்பெண்ணுக்குத் தலைபின்னி விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்று சொந்த வீட்டுக்காரி மாதிரி வரவேற்றார். புளோறன்ஸுக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துப்போய்விட்டது.

இரவீந்திரனின் மனைவி புஷ்பமலர், புளோறன்ஸைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "அக்கா, சம்பந்தியம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. சொல்லேல்லை. வீட்டிலை களவு போச்சுதெண்டா என்ன நினைப்பா? அவவைக் கேக்கவும் ஏலாது. சம்பந்தியைப் போய்க் கேக்கேலுமோ?"

"ஏலாதுதான். அண்டைக்கு அருளானந்தன் போனாப்பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. நான் கடைக்குப் போட்டு வந்தன். சம்பந்தியம்மா தலையிலை தண்ணி வாத்துக்கொண்டு நிண்டா. காலமையும் முழுகினவ. இந்தக் குளிருக்கு ஏன் இரண்டாந்தரம் முழுகிறா எண்டு எனக்கு ஒரே யோசனை. சுடுதண்ணியும் முடிஞ்சு போச்சுது."

புளோறன்ஸ் ஹோலுக்கு வந்து, அல்பம் இருந்த மேசையைக் குனிந்து பார்த்தார். வெள்ளை விரிப்பில் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள்.

"வடை!" என்று யோகராசா காதுக்குள் கத்தினார். "அருளானந்தன் வடை தின்ற கையோடை அல்பத்தைத் தொட்டிருக்கிறான்."

புளோறன்ஸ் பொட்டை விரலால் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. "புஷ்பம், கல்யாணக் காட்டெல்லாம் எங்கை?"

"இஞ்சைதான் அல்பத்துக்குப் பக்கத்திலை அடுக்கி வச்சிருந்தனான். சம்பந்தியம்மா சாமித்தட்டுக்கு மாத்திப்போட்டா."

சாமித்தட்டில் அழைப்பிதழ்கள் மூலைக்கு மூலை மஞ்சள் பூசியபடி அழகாக அடுக்கியிருந்தன. புளோறன்ஸ் அவற்றைப் பார்த்தார். பிறகு அலுமாரியில் புஷ்பமலரின் தகப்பனார் செத்தபோது அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைப் பார்த்தார். அதன்மேல் ஒரு புதுத் துவாய் மடித்து மூடியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இஞ்சாருங்கோ, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியாலை வாங்கோ."

வீட்டு வாசலுக்கு வெளியே, மாடிப்படிப் பக்கம், கதவு நிலைக்கு மேலாக ஒரு சுடுதண்ணீர்க் குழாய் சுவரோடு ஒட்டிப் போயிற்று. யோகராசா ஸ்டூலில் ஏறிக் கையை விட்டுத் துழாவினார்.

"புளோறா!" என்று அலறினார். அவர் கையில், பிளாஸ்டிக் பைக்குள் கவனமாகச் சுற்றிய கறுப்புக் கரை உறை இருந்தது.

இரவீந்திரன் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விக்கிவிக்கி அழுதார். புஷ்பமலருக்கும் அழுகை வந்தது. யோகராசாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஆர் செய்தது? சொல்லுமன்!"

புளோறன்ஸ் எல்லோரையும் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "இரவி, அருளானந்தன் கள்ளனெண்டால் அச்சாச் சீலை விட்டிட்டு, மை பரவினதையோ எடுப்பான்? சேகரிக்கிறவன் கனவிலையும் அப்பிடிச் செய்யமாட்டான். அப்ப எடுத்தவருக்கு விலை தெரியாது. கறுப்புக் கரைதான் தெரிஞ்சிருக்குது. கறுப்புக் கரையெண்டால் என்ன?"

"செத்தவீட்டுச் செய்தி," என்றார் புஷ்பமலர் மெல்ல.

"ஓம். நாங்கள் கல்வெட்டை அலுமாரியிலை வச்சிருப்பம். நான் வேதக்காரி, செத்தாக்களின்ரை காட்டைப் பைபிளுக்குள்ளையே வச்சிருக்கிறன். ஆனா தமிழ்நாட்டுப் பக்கம் கனபேர் இழவுக் கடிதத்தை வீட்டுக்குள்ளை வைக்கமாட்டினம். வாசிச்சால் தலைமுழுகவேணும். கடிதத்தைக் கிழிச்சுப்போடுவினம், இல்லாட்டி வெளியாலை கூரையிலை செருகிவிடுவினம். இஞ்சை கல்யாணக் காட்டுக்குப் பக்கத்திலையே கிடந்திருக்கு. காட்டைச் சாமித்தட்டுக்கு மாத்தி, கல்வெட்டைத் துவாயாலை மூடி, மேசைக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சு, முழுகி... உங்கடை பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாதெண்டுதான் இவ்வளவும். ஆற்றையோ கடிதம் எண்டு கிழிக்க மனம் வரேல்லை. இந்த வீட்டிலை செருகக் கூரை இல்லை, அதாலை குழாய்க்கு மேலை."

"பின்னை ஏன் அவ சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே! சம்பந்தியெண்டு நீங்கள் அவவிட்டை மறைச்சியள். சம்பந்தி வீட்டிலை போய் இழவு எண்ட சொல்லை எடுக்கிறதோ எண்டு அவவும் உங்களிட்டை மறைச்சா. நல்ல மரியாதை!"

கதவு திறந்தது. காப்பித் தட்டோடு நின்ற நாகலட்சுமியின் கண் நேராக உறைக்குப் போனது. "ஐயையோ, அதை ஏங்க மறுபடியும் உள்ள கொண்டாந்தீங்க? கல்யாண வீடுங்க!"

புளோறன்ஸ் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க நாகலட்சுமியின் முகம் வாடிப்போயிற்று. "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நாளைக்கு நானும் வர்றேன். அந்தம்மா கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கணும்."

இரவீந்திரன் அன்று பின்னேரம் அருளானந்தன் வீட்டுக்குப் போகத்தான் செய்தார். ஏன் வந்தார் என்று சொல்லாமல், இரண்டு தரம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் போர்கில்ட் சக்கர நாற்காலியில் வந்தார். நாகலட்சுமி நடந்ததைச் சொல்ல, புளோறன்ஸ் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். போர்கில்ட் அல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"நானும் நாற்பது வருசம் இதை வீட்டுக்குள் வைத்ததில்லை," என்றார். "பழைய வீட்டு விறகுக் கொட்டகையில்தான் இருந்தது. என் கணவர் நல்ல மனுசன். அவர் வீட்டுக்குள் ஐனாரைக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் உள்ளே எடுத்தேன்."

அவர் விரல் சரிந்த சீலைத் தடவியது. "மற்றதெல்லாம் ஐனார் குத்தியது. எவ்வளவு நேர்த்தி, பாருங்கள். இது மட்டும் அவன் கூட்டாளி குத்தியது. பாவம், கை நடுங்கியிருக்கிறது."

எந்தச் சாட்சிக்கும் குரல் மாறாத புளோறன்ஸ் இதைத் தமிழில் சொல்லும்போது இரண்டுமுறை நிறுத்தவேண்டியதாயிற்று.

நாகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைப்பையைத் திறந்து, மூலையில் மஞ்சள் பூசிய அழைப்பிதழ் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்க அவசியம் கல்யாணத்துக்கு வரணும்."

போர்கில்ட் அதை மகிழ்ச்சியோடு வாங்கி, அல்பத்தின் கடைசிப் பக்கத்தில், கறுப்புக் கரை உறையோடு முட்டிக்கொண்டு நிற்கும்படி செருகினார். யோகராசா பதறிப்போய் அதை இழுக்கக் கை நீட்டினார்.

நாகலட்சுமி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருக்கட்டும் அண்ணே," என்றார். "ரெண்டும் சேந்தே இருக்கட்டும்."